கீழ்க்கோட்டையில் ஒரு முரசுச் சோதனை

பெரியப்பா வேனில் ஏறும்போதே பாதிச் சண்டையை ஜெயித்துவிட்டார். மிச்சத்தை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற தெம்பில் முன்சீட்டில் காலை அகட்டி உட்கார்ந்து, மடியில் டீ பிளாஸ்க்கை இடுக்கிக்கொண்டு, ஓட்டுகிறவளுக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தார். சாலை ஒன்றுதான், அது நேராகத்தான் போகிறது என்பதையெல்லாம் அவர் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

ஓட்டியவள் அவருடைய தம்பி மகள். ஊருக்கெல்லாம் மைக்கக்கா. பள்ளிக்கூட ஆண்டுவிழாவா, கட்சிக் கூட்டமா, கல்யாண மண்டபமா, எங்கே நாலு பேர் பேசி நானூறு பேர் காதில் விழ வேண்டியிருந்தாலும் ஒலிபெருக்கி கட்ட அவளைத்தான் கூப்பிடுவார்கள். நாற்பதைத் தாண்டிவிட்டாள், பெரியப்பாவுக்கு மட்டும் இன்னும் பாப்பா. வழக்கமாக வேனுக்குள் ஸ்பீக்கர் பெட்டிகளும் கேபிள் சுருள்களும் கால் வைக்க இடமில்லாமல் கிடக்கும். அன்று எல்லாவற்றையும் இறக்கிவிட்டு அந்த இடத்தில் அவளுடைய தம்பியைப் போட்டிருந்தார்கள். கச்சேரிகளில் டிரம்ஸ் அடிப்பவன். சரித்திரத்தையே மாற்றப் போகிறோம் என்ற உணர்ச்சி துளிகூட இல்லாமல் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான்.

இந்தக் குடும்பத்துக்கு ஊரில் வேறொரு பெயரும் உண்டு. செவிடன் வீடு. பல தலைமுறைக்கு முன்னால் இவர்களுடைய முப்பாட்டன் ஒருவர், எல்லையில், மலைக்கணவாய்க்குக் கீழே ஆற்றோரம் இருந்த கோட்டைக்குக் காவலதிகாரியாக இருந்தார். மலைமேல் இன்னொரு சின்னக் காவல். எதிரி வந்தால் மேலே இருப்பவர்கள் முரசு அடிக்க வேண்டும். அடித்தால் கீழே இருப்பவர்கள் கதவைத் திறந்துகொண்டு ஓடிப்போய்க் கைகொடுக்க வேண்டும். ஏற்பாடு அவ்வளவுதான். ஒரு பனிக்காலக் காலையில் எதிரி வந்தான். மேலே முரசு அடித்தார்கள். விடிந்ததிலிருந்து உச்சிவேளை வரை அடித்தார்கள். கீழ்க்கோட்டைக் கதவு திறக்கவே இல்லை. மேலே இருந்தவர்களில் ஒருத்தர்கூட மிஞ்சவில்லை.

இதெல்லாம் நடந்து எவ்வளவோ காலமாகிவிட்டது, மறந்து தொலைத்திருப்பார்கள். ஆனால் நாலாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் ஒரு பாடமாகப் போட்டுவிட்டார்களே, அதுதான் வினை. செவிடன் வீட்டுப் பிள்ளைகள் யார் நாலாம் வகுப்புக்குப் போனாலும் அந்தப் பாடம் வருகிற அன்று மொத்த வகுப்பும் திரும்பி அவர்களைப் பார்க்கும். பெரியப்பா காலத்தில் பையன்கள் பெஞ்சைத் தட்டி, "காதுல விழுதாடா, விழுதாடா" என்று ராகம் போட்டே கேட்டிருக்கிறார்கள். பிறகு ரயிலில் டிக்கெட் பரிசோதகராகி, கறுப்புக் கோட்டு மாட்டி, எத்தனையோ பேரை நடுங்க வைத்து ஓய்வும் பெற்றுவிட்டார். அந்தப் பெஞ்சுச் சத்தம் மட்டும் போகவில்லை. மைக்கக்கா ஒலிபெருக்கித் தொழிலுக்குப் போகிறேன் என்றபோது ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது. செவிடன் வீட்டுப் பெண் சவுண்டு போடப் போகிறாளாம். அவளுடைய அப்பா முடியவே முடியாது என்றார். ஒற்றைக்காலில் நின்று அவளுக்கு அந்தத் தொழிலை வாங்கிக் கொடுத்தது பெரியப்பாதான். அதனால் அவருக்காக அவள் எதுவும் செய்வாள். அதை அவரும் அறிவார், தாராளமாகப் பயன்படுத்திக்கொள்வார்.

ஊர் என்ன சொன்னாலும் குடும்பத்திடம் ஒரு பதில் தயாராக இருந்தது. முப்பாட்டன் காதில் முரசு விழவே இல்லை. மலை மறைத்தது, ஆறு இரைந்தது, பனி அமுக்கிவிட்டது. வந்து சேராத சத்தத்துக்கு மனுஷன் எப்படி எழுந்து ஓடுவான்? கல்யாணத்திலும் சாவிலும் நாலு உறவுக்காரர்கள் கூடினால் இதைச் சொல்லித் தலையாட்டாமல் கலைய மாட்டார்கள். ஆனால் இத்தனை காலத்தில் ஒருத்தர்கூட அந்தக் கோட்டைப் பக்கம் போய்ப் பார்த்தது கிடையாது. தன் வீட்டு மானம் போன இடத்தை யார் டிக்கெட் வாங்கிப் பார்ப்பார்கள்?

இப்போது போவதற்குக் காரணம் இருந்தது. கோட்டையில் உள்ள தகவல் பலகைகளையெல்லாம் புதிதாக எழுதப் போகிறார்கள் என்று யாரோ பெரியப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். பழைய பலகையில், முரசைக் கேட்டும் கீழ்க்கோட்டை அதிகாரி கதவைத் திறக்கவில்லை என்று பளிச்சென்று எழுதியிருந்தது. பெரியப்பா கோட்டைக் காப்பாளருக்குப் போன் மேல் போன் போட்டு உயிரை எடுத்தார். கடைசியில் அந்தப் பெண் சொன்னாள், நேரில் வாருங்கள், பழைய முரசின் அளவிலேயே செய்த முரசு ஒன்று எங்களிடம் இருக்கிறது, மேலே அடித்துப் பார்ப்போம், கீழே நானும் நிற்கிறேன், கேட்கவில்லை என்றால் புதுப் பலகையில் அப்படியே எழுதுகிறேன். அன்றிலிருந்து பெரியப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வேனில் வரும்போது மைக்கக்கா ஒரே ஒரு விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். பனி சத்தத்தை அமுக்காது, குளிர்ந்த காலையில் சத்தம் இன்னும் நன்றாகத்தான் போகும் என்றாள். பெரியப்பா பிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றிக் குடித்துவிட்டு, பனி போனால் போகட்டும், மலையும் ஆறும் இருக்கிறதே என்றார். அவளுக்கும் மலை மேல்தான் நம்பிக்கை. படத்தில் பார்த்திருந்தாள், மேல்காவலுக்கும் கீழ்க்கோட்டைக்கும் நடுவே மலை ஒரு தோளைத் துருத்திக்கொண்டு நின்றது. அந்தத் தோள் சத்தத்தைத் தடுத்துவிட்டால் போதும், பெரியப்பா மிச்ச ஆயுளை நிம்மதியாக ஓட்டிவிடுவார்.

வாசலில் நுழைவுச் சீட்டு கொடுத்தார்கள். பெரியப்பா பழக்க தோஷத்தில் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார், தன்னை.

காப்பாளருக்கு முப்பது வயதுதான் இருக்கும். காலில் மண் அப்பிய பூட்ஸ், கழுத்தில் அடையாள அட்டையும் தொலைநோக்கியும், நடையில் அவசரம், பேச்சில் அதைவிட அவசரம். வருகிறவர்கள் எல்லாரும் பீரங்கியோடு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், சோதனை பண்ணிப் பார்க்கலாம் என்று வந்தவர்கள் நீங்கள்தான் என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள். முரசை ஏற்கெனவே ஜீப்பில் ஏற்றி வைத்திருந்தாள். தம்பியைத் தட்டி எழுப்பி அதே ஜீப்பில் ஏற்றினார்கள். பின்பக்கத்துப் பாதை வழியாக மேலே கொண்டுபோய் விடுவார்கள். மலையில் போன் எடுக்காது. அதனால் ஏற்பாடு என்னவென்றால், அவன் மேலே போய் மூச்சு வாங்கிக்கொண்டு தன் இஷ்டத்துக்கு அடிக்க ஆரம்பிக்க வேண்டும். வாசல் மாடத்திலிருந்து சிவப்புத் துணியை ஆட்டுகிற வரை நிறுத்தக்கூடாது. எப்போது ஆரம்பிப்பான் என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரிந்தால், வராத சத்தமும் காதில் விழுகிற மாதிரி இருக்கும் என்பது மைக்கக்கா தொழிலில் கண்ட பாடம்.

ஜீப் போனதும் கோட்டையைச் சுற்றிப் பார்த்தார்கள். மைக்கக்காவுக்கு உள்ளே நுழைந்ததிலிருந்தே படபடப்பு. பாடப் புத்தகத்தில் தபால்தலை அளவில் பார்த்த கதவு, இதோ அவளைவிட இரண்டு மடங்கு உயரத்தில் நிற்கிறது. அதன் இரும்புக் குமிழ்களைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. மாடத்துக்குப் படி ஏறினால், கைப்பிடிச் சுவரில் ஓர் இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. காவலுக்கு நின்றவர்கள் முழங்கையை ஊன்றி ஊன்றித் தேய்ந்தது என்றாள் காப்பாளர். மைக்கக்கா தன் முழங்கையை அங்கே வைத்துப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இத்தனை வருஷம் தலையைக் குனிந்துகொண்டு கடந்து போன கதைக்குள், இப்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறோமே என்றிருந்தது.

எதிரே ஆறு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் மலை. மலையின் தோளுக்கு மேலே மேல்காவலின் பாதிச் சுவர் மட்டும் தெரிந்தது. பெரியப்பா குதித்தார். "பாத்தியா பாப்பா? மறைக்குது. நல்லா மறைக்குது. இதைப் பாக்காமயே பலகையில எழுதிப்புட்டானுங்க."

முற்றத்துக்கு இறங்கினார்கள். மதில் ஓரமாக நெடுக, மும்மூன்று கல்லாகப் புகை படிந்து கறுத்துக் கிடந்தது. அடுப்புகள். காப்பாளர் அந்த இடத்தில் நின்றுகொண்டாள். இங்கே காவலுக்கு இருந்தது சொற்ப ஆட்கள்தான், அவர்களுக்கு இத்தனை அடுப்பு எதற்கு என்று கேட்டாள். தோண்டும்போது குழந்தைகள் போடுகிற சின்ன வளையல்கள்கூடக் கிடைத்தன, ஆற்றோரத்துக் குடியிருப்பு ஜனங்கள் எதிரிக்குப் பயந்து உள்ளே வந்து தங்கியிருக்கலாம் என்று உற்சாகமாக விளக்க ஆரம்பித்தாள். பெரியப்பா மரியாதையாகக் கையை உயர்த்தினார். சமையல் விஷயத்தைச் சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம் மேடம், முதலில் முரசு விஷயத்தை முடித்துவிடுவோம் என்றார். காப்பாளர் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள்.

மைக்கக்காவின் கைகள் அதற்குள் தானாகத் தட்ட ஆரம்பித்திருந்தன. புது மண்டபம் எதற்குள் போனாலும் அவள் கைதட்டிக்கொண்டே ஒரு சுற்று வருவாள். எங்கே சத்தம் திரும்பி வருகிறது, எங்கே சிதறுகிறது என்று அப்படித்தான் பிடிபடும். எந்த இடத்திலும் ஓர் ஊமை மூலை இருந்தே தீரும். மண்டபம் முழுக்க இரைச்சலாக இருக்கும்போது அங்கே மட்டும் சத்தம் எட்டிப் பார்க்காது. கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட மாமன்கள் எல்லாரும் எப்படியோ அந்த மூலையாகப் பார்த்துத்தான் நாற்காலி போடுவார்கள். இந்தக் கோட்டையில் ஊமை மூலை, மாடத்துக்கு அடியில், அதிகாரியின் அறை வாசலை ஒட்டி இருந்தது. மேலே கனமான கல் கூரை, முன்னால் வளைந்து வருகிற மதில். அங்கே போய் நின்றதும் ஆற்றின் இரைச்சல்கூடக் கதவைச் சாத்தியது போல அறுந்துபோனது. அவள் கைதட்டுவதை நிறுத்திக்கொண்டாள். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

சரி, நாம் யார் எங்கே நிற்பது, நீங்களே சொல்லுங்கள், உங்கள் தொழில்தானே என்றாள் காப்பாளர்.

மைக்கக்கா பெரியப்பாவைப் பார்த்தாள். மனுஷன் காலர் பட்டன் வரை போட்டுக்கொண்டு, பரீட்சை முடிவு பார்க்க வந்த பிள்ளை மாதிரி நின்றார். அவள் வாய் முந்திக்கொண்டது. நீங்கள் அதிகாரி அறை வாசலில் நில்லுங்கள், அவர் பெரும்பாலும் அங்கேதான் இருந்திருப்பார் என்றாள். காப்பாளர் மறுபேச்சுப் பேசாமல் தன் தொலைநோக்கியைக் கழற்றிப் பெரியப்பாவிடம் கொடுத்துவிட்டு, ஊமை மூலைக்குப் போய்ச் சமர்த்தாக நின்றுகொண்டாள். அவளைப் பார்க்கவே மைக்கக்காவுக்குக் கூசியது. பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு விடுவிடுவென்று மாடத்துக்கு ஏறிவிட்டாள்.

காற்று ஆற்றிலிருந்து மலையைப் பார்த்து வீசியது. அதாவது சத்தத்துக்கு எதிர்க்காற்று. மலை, ஆறு, காற்று என்று எல்லாமே தங்கள் பக்கம்தான் என்று நினைத்துக்கொண்டு, தேய்ந்த கல்லில் முழங்கையை ஊன்றினாள்.

அப்போது முதல் அடி வந்தது.

காதுக்கு முன்னால் அவள் வயிற்றுக்குத்தான் அது தெரிந்தது. தும் என்று அடியில் ஒரு கனம். அடுத்தது காதிலேயே விழுந்தது. மலைத்தோளைச் சுற்றிக்கொண்டு, ஆற்று இரைச்சலுக்கு அடியில் புகுந்து, துளி மங்காமல் வந்தது. தம்பி ஒவ்வோர் அடிக்கும் தோளிலிருந்து கையை இறக்குகிறான் என்பதுகூடத் தெரிந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. தூங்குகிறவனையும் எழுப்பி உட்கார வைக்கிற சத்தம்.

பக்கத்தில் பெரியப்பா தொலைநோக்கியைக் கண்ணில் அழுத்திக்கொண்டிருந்தார். திடீரென்று அவருடைய முழங்கை அவள் விலாவில் இடித்தது.

"பாப்பா, அடிக்கிறான். கை நல்லா ஏறி இறங்குது, நான் பாக்குறேன். அடிச்சுக்கிட்டே இருக்கான். ஆனா ஒண்ணுமே கேக்கல."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பொய் சொல்லவில்லை. அவர் முகம் அப்படி மலர்ந்திருந்தது. அவருக்கு உண்மையிலேயே கேட்கவில்லை.

அவளுக்குத் தெரியாத விஷயமா அது? கொஞ்ச காலமாகவே அவர் வீட்டு டீவி தெருமுனை வரை கேட்கிறது. போனில் எதைச் சொன்னாலும் "ஆங்?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார். ஆனால் அந்த வீட்டில் மூட்டு தேயும், கண்ணில் புரை விழும், பல் ஆடும், காது மட்டும் யாருக்கும் மந்தமாகாது. மற்ற வீடுகளில் காதுக்குக் கருவி வாங்கி மாட்டிக்கொள்வார்கள். செவிடன் வீட்டில் அந்தப் பேச்சை எடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்? சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு எல்லாரும் சும்மா இருந்தார்கள், அவள் உட்பட.

பெரியப்பா கீழே குனிந்து கத்தினார். "மேடம், உங்களுக்கு ஏதாவது கேக்குதா?"

"இல்லையே சார், ஆரம்பிச்சாச்சா?" என்று ஊமை மூலையிலிருந்து பதிலுக்குக் கத்தல் வந்தது.

அவ்வளவுதான், பெரியப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மைக்கக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். மாடத்தில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தார். அப்பா இருந்திருந்தால் எப்படி இருக்கும், சித்தப்பா இருந்திருந்தால் எப்படி இருக்கும் என்றார். முதல் வேலையாகத் தன்னோடு நாலாம் வகுப்புப் படித்தவர்களில் உயிரோடு இருக்கிறவர்களையெல்லாம் கூட்டி வந்து இந்த இடத்தில் நிறுத்தப் போவதாகச் சொன்னார். போனை எடுத்துத் தூக்கிப் பிடித்து, சிக்னல் இல்லாததற்காக மலையைத் திட்டினார். கீழே காப்பாளர், அப்படியானால் பலகையில் மாற்றி எழுதிவிடலாம் என்று சந்தோஷமாகச் சொல்வதும் கேட்டது.

முரசு இவை எல்லாவற்றுக்கும் நடுவே வந்துகொண்டே இருந்தது. பெரியப்பா அதன் மேலேயே பேசினார், அதன் மேலேயே சிரித்தார். மைக்கக்கா தலையை ஆட்டி ஆட்டி அவரோடு சேர்ந்து சிரித்தாள். ஒவ்வோர் அடியும் அவள் நெஞ்சில் வந்து முட்டியது. ஒன்றும் கேட்காதவள் மாதிரியே நின்றாள். நின்றுகொண்டிருக்கும்போதே அவளுக்கு உறைத்தது. எந்தக் குற்றத்தை முப்பாட்டன் மேல் சொன்னார்களோ, அதே குற்றத்தை, அதே மாடத்தில், அதே கல்லில் முழங்கையை வைத்துக்கொண்டு இப்போது அவள் செய்துகொண்டிருக்கிறாள். சத்தத்தை நம்பிப் பிழைக்கிறவள். சிரிப்பு உதட்டிலேயே செத்துவிட்டது.

"பெரியப்பா, கேக்குது" என்றாள்.

"ஆங்?"

சொல்வதே பெரும்பாடு, அதை இரண்டாம் தடவை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. "முரசு கேக்குது பெரியப்பா. ஆரம்பத்துலேர்ந்தே கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அவங்களைச் சத்தம் வராத இடமாப் பாத்து நான்தான் நிறுத்தி வெச்சேன்."

பெரியப்பா தொலைநோக்கியைக் கீழே இறக்கினார். காப்பாளர் மூலையைவிட்டு வெளியே வந்து படி ஏறினாள். பாதிப் படியில் அவள் கால் நின்றது, தலை மலைப் பக்கமாகத் திரும்பியது. அவளும் கேட்டுவிட்டாள் என்று அந்தத் திரும்பலிலேயே தெரிந்தது. கோபப்படுவாள் என்று மைக்கக்கா எதிர்பார்த்தாள். காப்பாளரோ அந்தப் படியிலேயே கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேற்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றாள்.

பெரியப்பா இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப எனக்கு மட்டும்தான் கேக்கலையா?"

அவர் மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். வேனிலிருந்து கொண்டு வந்த தெம்பெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. மைக்கக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தாள். அவர் இழுத்துக்கொள்ளவில்லை. இப்படியொரு காரியத்தை அவருக்குச் செய்துவிட்டோமே என்று அவளுக்கு அழுகை முட்டியது. சொன்னதற்காக அழுகிறோமா, முதலில் சொல்லாமல் இருந்ததற்காக அழுகிறோமா என்று அவளுக்கே புரியவில்லை.

பெரியப்பா தலையைத் தூக்கி மலையைப் பார்த்தார். "கேட்டிருக்குன்னா அந்த ஆளு ஏன் போகல?"

மைக்கக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவள் பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் யாரும் இதைக் கேட்டு அவள் கேட்டதில்லை. காதில் விழவில்லை என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அப்புறம் இதற்கு வேலையே கிடையாதே. கல்யாணத்திலும் சாவிலும் அதைச் சொல்லிச் சொல்லியே, அந்த மனுஷனைக் கல்லோடு கல்லாக நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஊர் அவரைச் செவிடன் என்றது. வீடும் கைகட்டி, ஆமாம், செவிடன்தான் என்று சாதித்தது.

காப்பாளர் அவர்களுக்குக் கீழே ஒரு படியில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை அவள் பேச்சில் அவசரம் இல்லை. "தெரியாது சார். பயந்துகூட இருக்கலாம், நான் உங்களுக்காகப் பூசி மெழுக மாட்டேன். ஆனா அந்த அடுப்புங்களைப் பாருங்க. உள்ள அத்தனை குடும்பம் இருந்திருக்கு. காவலுக்குக் கொஞ்சம் ஆளு. அந்த ஆளுங்களையும் கூட்டிக்கிட்டு மேல ஏறினா இங்க கதவைக் காக்க ஒருத்தர் இருந்திருக்க மாட்டாங்க. எதிரி சாயங்காலம் இந்தக் கதவு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருக்கான், அது உறுதி. அவருக்குக் கேக்கலைன்னு நீங்க சொல்ற வரைக்கும், அவரு மனசுல எது ஓடினாலும் அதுக்கு அங்க இடமே இல்ல."

பெரியப்பா முற்றத்தைப் பார்த்தார். மதில் நெடுக அடுப்புகள். சற்று முன்பு சமையல் விஷயம் என்று கையை உயர்த்தித் தள்ளியவர், இப்போது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கண்ணாலேயே ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு சட்டென்று எழுந்தார்.

"எனக்கு அதைக் கேக்கணும் பாப்பா. எங்க போனா எனக்குக் கேக்கும்?"

பெரியப்பா யாருக்கும் காத்திருக்கவில்லை. படி இறங்கி, பெரிய கதவைத் தாண்டி வெளியே வந்து, பாலத்தில் ஆற்றைக் கடந்தார். அவர் பின்னாலேயே இருவரும் ஓடினார்கள். பாலம் முடிந்ததும் நின்று காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். மைக்கக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். இல்லை என்று தலையாட்டிவிட்டு மேலே நடந்தார். மலைப்பாதையின் முதல் திருப்பத்தில் மறுபடி நின்றார். மறுபடி இல்லை. காதில் கையைக் குவிக்கவும் நடக்கவுமாக, ஊரறியத் தனக்குக் காது மந்தம் என்று காட்டிக்கொண்டு, அந்த வீட்டில் ஒருத்தர் முதல்முதலாகப் போய்க்கொண்டிருந்தார். எதிரே இறங்கி வந்த சுற்றுலாக்காரர்கள் இந்த ஊர்வலத்தைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார்கள். மூச்சு இரைத்தாலும் அவர் நிற்கிற வழியாக இல்லை. மைக்கக்காவுக்கும் பழைய படபடப்பு திரும்பிவிட்டது. இந்தத் திருப்பத்திலாவது கேட்டுவிட வேண்டுமே என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. பரீட்சை இப்போது நேர்மாறாகிவிட்டது என்பது அவளுக்குத் தோன்றவேயில்லை.

மலைத்தோளைச் சுற்றிய இடத்தில் பெரியப்பா நின்றார். கை காதுக்குப் போனது. போன கை அங்கேயே நின்றது.

"கேக்குது" என்றார். பிறகு அவள் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டு, "பாப்பா, கேக்குது! எனக்கே கேக்குது!" என்று குதித்தார். எதைக் கேட்கவே முடியாது என்று நிரூபிக்க வேன் பிடித்து வந்தாரோ, அதைக் கேட்டுவிட்டு ஒரு மனுஷன் இப்படிச் சந்தோஷப்பட்டு அவள் பார்த்ததில்லை. அவளும் சேர்ந்து குதித்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்த காப்பாளர், ஒன்றும் புரியாமலே கைதட்டினாள்.

சிவப்புத் துணியை ஆட்ட வேண்டும் என்பதை எல்லாருமே மறந்துவிட்டார்கள். அதனால் மேலே தம்பி சொன்ன சொல் தவறாமல் அடித்துக்கொண்டே இருந்தான். பெரியப்பா குதிப்பதை நிறுத்திக் கேட்டார். சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகத்தைவிட்டுப் போயிற்று. அடி வந்துகொண்டே இருந்தது. விட்டு விட்டு, ஆனால் விடாமல். வாங்க, வாங்க என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. ஓரிடத்தில் நிற்க முடியாமல் அவர் கால் மாற்றினார்.

"நிக்க முடியல பாப்பா. காலு தானா மேல போகுது. இதைக் கேட்டுக்கிட்டு அவரு எப்படிம்மா உள்ளேயே நின்னாரு?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பாளர் பக்கம் திரும்பினார்.

"மேடம், கேட்டுச்சுன்னே எழுதுங்க. ஆனா அதோட நிறுத்திடாதீங்க. மத்தியானம் வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாருன்னு எழுதுங்க. ஏன்னு தெரியலைன்னா தெரியலைன்னே போடுங்க."

காப்பாளர் அப்படியே எழுதுவதாகச் சொன்னாள். பெரியப்பா காலர் பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டு, முரசுச் சத்தம் வருகிற பக்கமாக, யாரோ தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்கிற அவசரத்தோடு மேலே ஏற ஆரம்பித்தார்.